எடியஸா, பிரீமியரா, டாவின்சியா: கல்யாண சீசனுக்கு முன் எடிட்டிங் மென்பொருளை மாற்றலாமா?

"அண்ணே, எடியஸை விட்டுட்டு டாவின்சிக்குப் போயிரட்டா? இது நின்னு நின்னு ஓடுது." கன்னியாகுமரி மாவட்டம் மார்த்தாண்டத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் தம்பி ஒருவர் கேட்டது இது. தக்கலையில் இன்னொருவர் இதே குறையைப் பிரீமியரைப் பற்றிச் சொன்னார். குளச்சலிலிருந்து வந்த கேள்வி நேர்மாறானது. டாவின்சியில் படமே தெரியவில்லை, ஒலி மட்டும் வருகிறது, பழையபடி எடியஸுக்கே திரும்பிவிடலாமா என்று.

மூன்று பேரிடமும் நான் திருப்பிக் கேட்டது ஒன்றுதான்: "கேமராவை எப்ப மாத்துனீங்க?" மூவருமே அண்மையில்தான் புதுக் கேமரா வாங்கியிருந்தார்கள்.

மென்பொருளை மாற்றுவதா வேண்டாமா என்பதற்குப் பதில் பெரும்பாலும் மெமரி கார்டில் இருக்கிறது. பதினைந்து வருடமாகக் கல்யாண வீடியோ எடிட் செய்துவரும் எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது. அதனால் எது சிறந்தது என்ற பேச்சுக்கு முன்னால், கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுவோம்.

## முதலில் நோயைக் கண்டுபிடியுங்கள்

டைம்லைன் விக்கி விக்கி ஓடுகிறது என்றால் முதல் சந்தேகம் ஃபைலின் வகைமேல். சோனி ஏ7 III தரும் வீடியோ 8 பிட், 4:2:0 (ஃபைலில் எவ்வளவு நிற விவரம் இருக்கிறது என்று சொல்லும் எண்கள் இவை, எண் கூடினால் விவரமும் கூடும்). அதற்கடுத்து வந்த ஏ7 IV 10 பிட், 4:2:2 வரை தருகிறது. கலர் வேலைக்கு இது அருமையான ஃபைல், கணினிக்கோ பெரிய சுமை. எச்.265 என்ற சுருக்க முறையிலான 4:2:2 ஃபைலை வன்பொருள் வழியாகவே விரித்துக் காட்டும் வசதி இன்டெல் சிப்களில் 11ஆம் தலைமுறையிலிருந்து அவற்றின் உள்ளமைந்த கிராஃபிக்ஸில் உண்டு. என்விடியாவில் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைகளுக்கு அது இல்லை. 50 வரிசையில்தான் வந்தது. கடையில் ஆயிரம் இரண்டாயிரம் குறைகிறதே என்று பெயரின் கடைசியில் 'எஃப்' போட்ட இன்டெல் பிராசஸரை வாங்கியவர்களுக்கு அந்த உள்ளமைந்த கிராஃபிக்ஸே கிடையாது. அந்த வசதியுள்ள கிராஃபிக்ஸ் கார்டும் இல்லையென்றால், அந்தக் கணினியில் எந்த மென்பொருளைப் போட்டாலும் 4:2:2 திணறும். கிராஃபிக்ஸ் கார்டுக்கு அறுபதாயிரம் போட்ட ஒருவர் இந்த ஒற்றை எழுத்தால் தவித்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடி, அதன் பிறகு இழுக்கிறதா? சூடு ஏறிச் சிப் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. நம் கடலோர ஊர்களில் ஈரக்காற்றும் உப்பும் தூசியும் சேர்ந்து ஃபேனிலும் ஹீட்சிங்கிலும் அப்பிக்கொள்ளும். குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சிப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் மென்பொருளை மாற்றும் முன் கேபினட்டைத் திறந்து சுத்தம் செய்துவிடுங்கள்.

ஒரு கேமரா ஓடும்போது சரியாக இருந்து, மல்டிகேம் (பல கேமராவையும் ஒரே நேரத்தில் ஓட்டி வெட்டுவது) போட்டதும் நிற்கிறதா? டிஸ்க்கைப் பாருங்கள். விநாடிக்கு 100 மெகாபிட் (எம்பிபிஎஸ்) அளவில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. மூன்று கேமரா, மூன்று மணி நேரம் என்றால் 405 ஜிபி. சுழலும் ஹார்டு டிஸ்க்கில் மூன்று ஃபைலும் மூன்று இடத்தில் கிடக்க, அதன் முள் அங்குமிங்கும் ஓடியே களைத்துவிடும். நடப்பு வேலைக்கு மட்டும் ஒரு எஸ்எஸ்டி போட்டாலே பாதிப் பேருக்குத் தீர்ந்துவிடும்.

நான் சிக்கியது நான்காவது கோளாறில். ஆலயக் கல்யாணம் ஒன்றில் பாடகர் குழு பக்கம் கேமரா நிறுத்த இடமில்லை. மாப்பிள்ளையின் சித்தப்பா போனில் எடுத்ததை வாங்கிப் போட்டேன். முதல் பாட்டில் உதடும் ஒலியும் பொருந்தின, கடைசிப் பாட்டில் விலகி நின்றன. மென்பொருள்தான் காரணம் என்று நம்பி, சீசன் நடுவில் வேறொன்றுக்குத் தாவினேன். அங்கேயும் அதே விலகல். போன் வெளிச்சத்துக்கு ஏற்றபடி ஃபிரேம் ரேட்டைக் கூட்டிக் குறைத்து எடுத்திருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியில் நிலையான ஃபிரேம் ரேட்டுக்கு மாற்றிப் போட்டதும் எல்லாம் பொருந்திவிட்டது. அதற்குள் பதினோரு நாள் போய்விட்டது. பெண்வீட்டார் வளைகுடாவுக்குத் திரும்பும் முன் வீடியோவைக் கையில் கொடுக்க முடியாமல் போனது இன்றும் எனக்கு வருத்தம்தான்.

போன் இல்லாமல் கேமராக்களுக்குள்ளேயே விலகல் வந்தால், ஒன்று 29.97இலும் மற்றது 30இலும் ஓடியிருக்கலாம். வேறுபாடு ஆயிரத்தில் ஒன்றுதான், ஆனால் ஒரு மணி நேரத்தில் 3.6 விநாடி ஆகிவிடும். நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். எல்லாக் கேமராவையும் PAL என்ற வீடியோ முறையில் 25 அல்லது 50இல் வைத்து, ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் நிறுத்தினால் மண்டப விளக்கின் துடிப்பும் அடங்கும், இந்தத் தொல்லையும் போகும்.

இந்த நான்கும் இல்லை என்று உறுதியான பிறகே மேலே படியுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

என் அளவுகோல்கள் இவை. உங்கள் கேமரா ஃபைல் நேரடியாகத் திறக்கிறதா? நீங்கள் அதிகம் செய்வது நான்கு மணி நேர முழுநீள வீடியோவா, ஐந்து நிமிட ஹைலைட்ஸா? மூன்று வருடத்துக்குக் கூட்டினால் செலவு எவ்வளவு? தமிழ் எழுத்து சிதறாமல் வருகிறதா? இரண்டு வருடம் கழித்து "முதல் பிறந்தநாளுக்குக் கல்யாண வீடியோவிலேருந்து கொஞ்சம் வேணும்" என்று வருபவருக்குப் பழைய புராஜெக்ட்டைத் திறந்து காட்ட முடியுமா? கடைசியாக, நீங்கள் காய்ச்சலில் படுத்தால் உங்கள் இருக்கையில் உட்கார்ந்து வேலையை முடிக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா?

கடைசிக் கேள்வியைப் பலர் நினைப்பதே இல்லை. தனி ஆளாக ஸ்டுடியோ நடத்துகிறவருக்கு மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியம்.

## எடியஸ்

கிராஸ் வேலி நிறுவனத்தின் எடியஸ் விண்டோஸில் மட்டும் ஓடும். நம் பக்கத்து ஸ்டுடியோக்களில் நெடுங்காலமாக வேரோடிய மென்பொருள். வேரோடியதற்குக் காரணம் இருக்கிறது. வகைவகையான ஃபைல்களை ஒரே டைம்லைனில் கொட்டி, ரெண்டருக்குக் காத்திராமல் வெட்டிக்கொண்டே போகலாம். பதினாறு கேமரா வரை மல்டிகேம் எடுக்கும். ஓலை வாசிப்பிலிருந்து மறுவீடு வரை எடுக்கும் முழுநீள வேலையில் அதன் வேகம் எனக்கு இன்னும் பிடிக்கும்.

குறை கலரில் தெரியும். அடிப்படைத் திருத்தத்துக்குக் குறைவில்லை. ஆனால் மணப்பெண்ணின் முகத்தை மட்டும் பின்தொடர்ந்து வெளிச்சம் கூட்டுவது, மாலை வெயிலில் எடுத்த லாக் வீடியோவை (கலர் வேலைக்காக வெளிறிய நிறத்தில் பதிவாகும் வகை) நுணுக்கமாக இழைப்பது போன்ற வேலைகளில் டாவின்சி எங்கேயோ இருக்கிறது. ஒருமுறை வாங்கினால் போதும் என்றாலும், அடுத்த பெரிய பதிப்புக்கு மறுபடி பணம் கட்ட வேண்டும். வெளியே விலைக்கு வாங்கிச் சேர்த்த டைட்டில் புராஜெக்ட்டுகளும் இன்னொரு மென்பொருளில் திறக்காது. அந்தச் சேமிப்பை விட்டுவிட்டுப் போவதும் ஒரு செலவுதான், அதைக் கணக்கில் எழுதுங்கள். 'இலவசமாக' கைமாறும் திருட்டுப் பதிப்புகளைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: வாடிக்கையாளரின் குடும்பப் படங்கள் கிடக்கும் கணினியில் ஊர்பேர் தெரியாத கிராக் ஃபைலை ஓடவிடாதீர்கள். எந்த மென்பொருளுக்கும் இதுதான் என் பதில்.

முழுநீளக் கல்யாண வீடியோதான் உங்கள் சோறு, கேமராவும் 8 பிட் என்றால் எடியஸை விட வேண்டிய அவசரம் எதுவும் இல்லை.

## பிரீமியர் புரோ

அடோபியின் பிரீமியரில் மாத வாடகை, வருடச் சந்தா முறைதான். வருட ஒப்பந்தத்தை மாதத் தவணையில் கட்டுபவர் நடுவில் நிறுத்தினால் நிறுத்தக் கட்டணம் உண்டு. ஆடியில் வேலை இல்லை, அந்த மாதம் மட்டும் விட்டுவிடுவோம் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். சந்தா நின்றால் பழைய புராஜெக்ட்டைத் திறக்கவும் வழியில்லை. புதிய பதிப்பில் சேமித்ததைப் பழைய பதிப்பில் திறக்கவும் முடியாது. வேலையை வெளியே ஜாப் ஒர்க் கொடுக்கும்போது இது அடிக்கடி தகராறு செய்யும், இரண்டு பக்கமும் ஒரே பதிப்பு இருக்கட்டும்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ள என்ன காரணம்? ஆட்கள். கற்றுக்கொண்டு வரும் இளைஞர்களில் பிரீமியர் தெரியாதவரை நான் அரிதாகவே பார்க்கிறேன். ஃபோட்டோஷாப்பும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் ஒரே குடும்பம் என்பதால் சேவ் தி டேட், இன்விடேஷன் வீடியோ போன்ற வேலைகள் சட்டென்று நடக்கும். களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் ஸ்டுடியோக்களோடு ஃபைல் பரிமாறுகிறவர்களுக்கும் இது தோது. போனில் எடுத்த, ஃபிரேம் ரேட் மாறிக்கொண்டே இருக்கும் வீடியோவையும் 2018இலிருந்து இது ஓரளவு சமாளிக்கிறது.

சி டிரைவ் திடீரென்று நிறைந்து கணினியே முடங்கினால் மீடியா கேஷ் (மென்பொருள் தன் வேலைக்காகச் சேர்க்கும் தற்காலிக ஃபைல்கள்) ஃபோல்டரைப் பாருங்கள். அது இயல்பாகவே சி டிரைவில்தான் உட்காரும். வேறு எஸ்எஸ்டிக்கு மாற்றி, பழையது தானாக அழியும்படி வைத்துவிடலாம். தக்கலை நண்பருக்கு இருந்த ஒரே நோய் இதுதான்.

## டாவின்சி ரிசால்வ்

கலர் திருத்தத்துக்கென்றே பிறந்த மென்பொருள். 2009இல் பிளாக்மேஜிக் நிறுவனம் வாங்கிய பிறகு எடிட்டிங், ஒலி, கிராஃபிக்ஸ் எல்லாம் ஒரே கூரைக்குள் வந்தன. இலவசப் பதிப்பே 3840×2160 அளவில், 60 ஃபிரேம் வரை, எந்த முத்திரையும் இல்லாமல் வெளியீடு தருகிறது. ஸ்டுடியோ பதிப்பின் விலை 295 டாலர், இந்தியாவில் வரியோடு கூடும். ஒருமுறை வாங்கினால் இரண்டு கணினியில் ஓட்டலாம். இதுவரை வந்த புதுப் பதிப்புகளுக்குத் தனியாகப் பணம் கேட்டதும் இல்லை.

இப்போது குளச்சல் கேள்விக்கு வருவோம். விண்டோஸில் இலவசப் பதிப்பு 10 பிட் 4:2:2 கேமரா ஃபைலை எடுத்துக்கொள்ளாது. ஒலி வரும், படம் வராது. ஃபைல் கெட்டுவிட்டது என்று நடுங்க வேண்டாம். வழி மூன்று: ஸ்டுடியோ பதிப்பு வாங்குவது, ஃபைலை வேறு வடிவத்துக்கு மாற்றுவது, அல்லது கேமராவிலேயே 8 பிட் 4:2:0க்கு இறங்குவது. இருட்டான மண்டபப் படத்தின் புள்ளிகளை அகற்றும் நாய்ஸ் ரிடக்‌ஷனும் ஸ்டுடியோவில்தான் உண்டு. ஆகவே கல்யாண வேலைக்கு 'இலவசம்' என்று கணக்கெழுதாமல், 295 டாலர் என்றே எழுதிக்கொண்டு ஒப்பிடுங்கள்.

அதைவிடப் பெரிய செலவு கிராஃபிக்ஸ் கார்டு. மற்றவற்றைவிட டாவின்சி கார்டின் நினைவகத்தை அதிகம் தின்னும். 4 ஜிபி கார்டில் 4கே போட்டு இரண்டு எஃபெக்ட் ஏற்றினால் நினைவகம் நிறைந்துவிட்டது என்ற அறிவிப்பு வந்து நிற்கும். டைம்லைனை 1080க்கு இறக்கி வேலை செய்து, வெளியிடும்போது மட்டும் 4கேக்கு ஏற்றுவது நல்ல உபாயம்.

புதிதாக வருகிறவர்கள் விழும் குழிகள் இன்னும் இரண்டு. புராஜெக்ட்டின் ஃபிரேம் ரேட் இயல்பாக 24இல் இருக்கும். முதல் கிளிப்பைப் போடும் முன்னரே 25 ஆக்கிவிடுங்கள், போட்ட பிறகு மாற்ற விடாது. மற்றது, எடியஸ்போல ஃபோல்டரில் ஒரு புராஜெக்ட் ஃபைல் கிடக்காது. எல்லாம் அதன் சொந்த லைப்ரரிக்குள் இருக்கும். விண்டோஸை அழித்துப் போட்டவர்கள் அதோடு ஒரு வருட வேலையையும் அழித்திருக்கிறார்கள். ஒவ்வொரு வேலையையும் முடித்ததும் தனியாக எக்ஸ்போர்ட் செய்து வெளி டிஸ்க்கில் வையுங்கள். புதுப் பதிப்புக்கு ஏறும் முன் லைப்ரரிக்கு நகல் எடுங்கள், ஏறிய பின் பழையதில் அது திறக்காது.

ஹைலைட்ஸுக்கும் அவுட்டோருக்கும் பெயர் வாங்க நினைப்பவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான். திற்பரப்பு அருவியின் வெள்ளை நுரையையும் பக்கத்தில் நிற்கும் சிவப்புப் பட்டையும் ஒருசேரக் காப்பாற்ற வேண்டிய படத்தில் மற்றவை எதுவும் இதன் பக்கத்தில் வர முடியாது.

## ஃபைனல் கட் புரோ

ஆப்பிள் கணினி ஏற்கெனவே இருந்தால் மட்டும் யோசியுங்கள். எம் வரிசைச் சிப்களில் 10 பிட் 4:2:2 தண்ணீர் போல ஓடும், மின்சாரமும் குறைவாகவே இழுக்கும். சிறு யுபிஎஸ்ஸே நெடுநேரம் தாங்கும். மழைக்காலத்து மின்வெட்டில் இது சிறிய விஷயமில்லை. ஆனால் உள்ளே இருக்கும் சேமிப்பு 256 ஜிபி என்றால் இரண்டே கல்யாணத்தில் மூச்சுத் திணறும், வெளி எஸ்எஸ்டி கட்டாயம். வாடிக்கையாளர் கொண்டுவரும் விண்டோஸ் ஹார்டு டிஸ்க் என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தால் மேக் அதைப் படிக்கும், எழுதாது. டெலிவரி அன்று ராத்திரிதான் இது தெரியவரும். உதவிக்கு ஆள் கிடைப்பதும் இங்கே கடினம்.

கேடென்லைவ், ஷாட்கட் போன்ற திறமூலக் கருவிகளைக் கற்றுக்கொள்ளவும், ஊர்த் திருவிழா வீடியோவை வெட்டி ஒட்டவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். மூன்று கேமராக் கல்யாணத்தை அவற்றில் ஏற்ற எனக்குத் துணிவில்லை.

| | எடியஸ் | பிரீமியர் புரோ | டாவின்சி ஸ்டுடியோ | ஃபைனல் கட் |
|---|---|---|---|---|
| பணம் | ஒருமுறை, பெரிய பதிப்புக்கு மீண்டும் | தொடர் சந்தா | ஒருமுறை 295 டாலர் | ஒருமுறை வாங்கலாம் |
| கணினி | விண்டோஸ் | விண்டோஸ், மேக் | விண்டோஸ், மேக், லினக்ஸ் | மேக் மட்டும் |
| மறைந்த செலவு | டைட்டில் சேமிப்பு உள்ளேயே முடங்கும் | நிறுத்தக் கட்டணம், கேஷ் இடம் | கிராஃபிக்ஸ் கார்டு | வெளி எஸ்எஸ்டி |
| கை கொடுக்கும் இடம் | முழுநீள வீடியோ | பலர் சேரும் வேலை | ஹைலைட்ஸ், கலர் | தனி ஆள், மேக் உள்ளவர் |

## தமிழ் எழுத்துக்கு ஒரு சோதனை

எதை வாங்கும் முன்னும் அதன் டைட்டில் கருவியில் 'கொல்லங்கோடு', 'நெய்யூர்', 'ஸ்ரீ' மூன்றையும் யூனிகோடில் தட்டச்சு செய்து பாருங்கள். கொம்பு இடம் மாறினாலோ ஸ்ரீ உடைந்தாலோ அந்தக் கருவிக்குத் தமிழ் தெரியாது. பிரீமியரில் அமைப்புகளுக்குள் கிராஃபிக்ஸ் பகுதியில் தெற்காசிய எழுத்து இயந்திரத்தைத் தேர்ந்தெடுத்தபின் புதிதாகத் தட்டச்சு செய்தால் சரியாக வரும். டாவின்சியில் ஒன்றுக்கு மேற்பட்ட டைட்டில் கருவிகள் இருப்பதால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகச் சோதியுங்கள். எங்கேயும் வரவில்லையென்றால் ஃபோட்டோஷாப்பிலோ இங்க்ஸ்கேப்பிலோ எழுதி, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக ஏற்றுங்கள். மணமக்கள் பெயரில் பிழை வந்தால் அது அந்தக் குடும்பத்தில் தலைமுறைக்கும் நிற்கும். இதில் சோம்பல் கூடாது.

## மாறும்போது எது கூட வரும்

பிரீமியரிலிருந்து டாவின்சிக்கு எக்ஸ்எம்எல் வழியாகவும், எடியஸிலிருந்து ஏஏஎஃப் அல்லது ஈடிஎல் வழியாகவும் டைம்லைனை அனுப்பலாம். இவை வெட்டுகளின் பட்டியலைச் சுமக்கும் ஃபைல் வகைகள். வெட்டுகளும் வரிசையும் எளிய டிசால்வும் வந்து சேரும். கலர், டைட்டில், பிளக்இன் எல்லாம் அங்கேயே நின்றுவிடும். அதனால் பாதி முடித்த கல்யாணத்தை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். பழையதைப் பழையதிலேயே முடித்து, டைட்டில் இல்லாத முழுப் பிரதி ஒன்றைப் புரோரெஸ் 422 என்ற, தரம் அதிகம் குறையாத ஃபைல் வகையில் வெளியிட்டு வைத்துக்கொள்ளுங்கள். 1080, 25 ஃபிரேமில் மணிக்கு 55 ஜிபி ஆகும். பிற்காலத்தில் எந்த மென்பொருளிலும் அது திறக்கும்.

இடம் மாற்றும்போது வரும் வினோதமான கோளாறு ஒன்று உண்டு. தாலி கட்டும் நேரத்தில் சாப்பாட்டுப் பந்தி தெரியும். சோனி கேமராக்கள் பல, கார்டை ஃபார்மேட் செய்தபின் சி0001 என்று எண்ணத் தொடங்குவதால் இரண்டு கேமராவிலும் ஒரே பெயரில் ஃபைல்கள் இருக்கும். புது மென்பொருள் தப்பானதை எடுத்து ஒட்டிவிடும். கார்டிலிருந்து இறக்கியதும் ஒவ்வொரு கேமராவுக்கும் தனி ஃபோல்டர் போட்டு, ஃபைல் பெயருக்கு முன்னால் கேமராவின் அடையாளத்தைச் சேர்த்துவிடுங்கள். எடிட் தொடங்கிய பிறகு பெயரை மாற்றினால் எல்லா இணைப்பும் அறுந்துவிடும்.

## எந்த மாதத்தில்

வாடிக்கையாளரில் பெரும்பகுதி இந்துக் குடும்பங்கள் என்றால் ஆடி மாதம். கத்தோலிக்கக் கல்யாணங்களே அதிகம் என்றால் தவக்காலம். நம் மாவட்டத்தில் இரண்டும் கலந்தே வருவதால் முழு ஓய்வு எவருக்கும் கிடைக்காது, ஆகவே ஒரேயடியாகத் தாவாதீர்கள். ஏற்கெனவே டெலிவரி கொடுத்து முடித்த ஒரு கல்யாணத்தின் ஃபுட்டேஜை எடுத்து, புது மென்பொருளில் முதலிலிருந்து கடைசிவரை மறுபடி செய்து பாருங்கள். எத்தனை நாள் ஆயிற்று என்று எழுதி வையுங்கள். பழையதில் ஆன நாளைப்போல இரண்டு மடங்குக்குள் வந்தால் அடுத்த சிறிய வேலையை, ஒரு புதுநன்மையையோ காதுகுத்தையோ, அதில் ஏற்றலாம்.

மார்த்தாண்டத்துத் தம்பியை எடியஸிலேயே இருக்கச் சொன்னேன். அவர் பிராசஸர் 'எஃப்' வகை. டிரெடிஷனல் கேமராவை 8 பிட்டுக்கு இறக்கி, கேண்டிட் கேமராவுக்கு மட்டும் பிராக்ஸி (எடிட்டுக்காக எடுக்கும் கனம் குறைந்த நகல்) போட்டதும் விக்கல் நின்றது. தக்கலைக்காரர் கேஷை மாற்றிவிட்டு அப்படியே தொடர்கிறார். குளச்சல்காரருக்கு வருவது முக்கால்வாசி அவுட்டோரும் ஹைலைட்ஸும்தான். எடியஸுக்குத் திரும்ப வேண்டாம், ஸ்டுடியோ பதிப்பை வாங்குங்கள் என்றேன். வரும் ஆடியில், போன தையில் முடித்த ஒரு கல்யாணத்தை வைத்துப் பழகிப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்.